மாடல் டி-யும் மினியும்: கழற்றிப் பார்த்த கணக்கு

1959-இல் மினி கார் விற்பனைக்கு வந்த பிறகு, பிரிட்டனில் இருந்த ஃபோர்டு நிறுவனம் ஒரு மினியைக் காசு கொடுத்து வாங்கியது. வாங்கியது ஓட்டுவதற்கு அல்ல, கழற்றுவதற்கு. கடைசி நட்டு வரை பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகத்தையும் செய்ய என்ன செலவாகியிருக்கும் என்று கூட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு மினியை விற்கும்போதும் அதைச் செய்யும் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்துக்குச் சுமார் 30 பவுண்டு கையைக் கடிக்கிறது என்று கணக்கு வந்தது.

பி.எம்.சி. இதை ஒப்புக்கொள்ளவில்லை. எங்களுக்கு லாபம்தான் என்றது. யார் சொன்னது சரி என்று வாகன வரலாறு எழுதுபவர்கள் இன்னும் முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காட்சியில் ஒரு பொருத்தம் உண்டு. காரைச் செய்யும் செலவைச் சல்லிக்காசு வரை எண்ணக் கற்றுக்கொண்ட நிறுவனம், இடத்தை அங்குலம் அங்குலமாக எண்ணிய ஒரு காரைக் கழற்றிப் போட்டுப் பார்க்கிறது. 40 ஆண்டுகள் கழித்து, 1999 டிசம்பரில், இருபதாம் நூற்றாண்டின் கார் எது என்று பல நாட்டு வாகன எழுத்தாளர்கள் வாக்களித்தபோது ஃபோர்டின் மாடல் டி 742 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தது. 617 புள்ளிகளுடன் மினி இரண்டாமிடம்.

இரண்டுமே 'எல்லோருக்குமான சின்னக் கார்' என்ற பெயர் வாங்கியவை. நடுவில் அரை நூற்றாண்டு இடைவெளி. வேகத்தையும் குதிரைத்திறனையும் வைத்து ஒப்பிட்டால் புதியது ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. எந்தக் கார் எந்தச் சிக்கலை அவிழ்த்தது, அதற்கு என்ன விலை கொடுத்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

மண் பாதைக்குப் பிறந்தது

மாடல் டி 1908 அக்டோபரில் அறிமுகமானது. அமெரிக்காவில் ஊருக்கு வெளியே போனால் அன்று சாலை என்பது பெரும்பாலும் குதிரை வண்டிகள் உழுது வைத்த மண் தடம்தான். மழைக்காலத்தில் சேறு, வெயிலில் இறுகிப்போன பள்ளம். டி-யின் ஒவ்வொரு உறுப்பிலும் அந்தத் தடம் பதிந்திருக்கிறது. இடது வலது சக்கரங்களுக்கு இடையே 56 அங்குலம் வைத்தார்கள். குதிரை வண்டிச் சக்கரம் பதித்த தடத்தில் கார் சக்கரமும் இறங்கி ஓட வேண்டும் அல்லவா? தெற்கு மாநிலங்களில் வண்டித் தடம் அகலம் என்பதால் அங்கே 60 அங்குலத்தில் தனியாக ஒரு வகையும் சில ஆண்டுகள் விற்றார்கள்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டே லீஃப் ஸ்பிரிங்குகள் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்கள்), அவையும் காரின் குறுக்கே. எஞ்சினைச் சட்டத்தில் மூன்றே புள்ளிகளில் தொங்கவிட்டார்கள். நாலு கால் நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. அதே நியாயம்தான். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி மற்றது மேட்டில் ஏறி, சட்டமே முறுக்கிக்கொண்டாலும் எஞ்சின் விரிசல் விடாது.

எஃகு இன்னொரு கதை. 1905-இல் ஒரு பந்தயத்தில் நொறுங்கிய பிரெஞ்சுக் காரின் வால்வுத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்ததாகவும், இவ்வளவு லேசாக இவ்வளவு உறுதியாக இருக்கிறதே என்று வியந்து விசாரித்ததாகவும், அது வனேடியம் என்ற உலோகம் கலந்த எஃகு என்று தெரிந்துகொண்டதாகவும் ஹென்றி ஃபோர்டு சொல்லியிருக்கிறார். அந்தத் துண்டு உண்மையோ, பின்னால் மெருகேறிய கதையோ, டி-யின் அச்சுகளிலும் கியர்களிலும் வனேடியம் எஃகு இருந்தது உண்மை. அதனால்தான் காரின் எடையைச் சுமார் 540 கிலோவுக்குள் அடக்க முடிந்தது. அடுத்தவன் காரின் உடைசலில் இருந்து பாடம் படிப்பது அந்த வீட்டில் பழைய வழக்கம் போலிருக்கிறது.

எஞ்சின் 2.9 லிட்டர், நான்கு சிலிண்டர், 20 குதிரைத்திறன். இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு இவ்வளவுதானா என்று இன்றைக்குச் சிரிப்பு வரும். அந்தக் காலத்துப் பெட்ரோல் மட்டமானது. அழுத்தத்தைக் கூட்டினால் எஞ்சின் தட்டும். அதனால் அழுத்தத்தைக் குறைவாக வைத்து, நிமிடத்துக்கு 1,600 சுற்றில் நிதானமாக இழுக்கவிட்டார்கள். நான்கு சிலிண்டர்களையும் அவற்றுக்கு அடியில் சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் கேஸையும் ஒரே வார்ப்பாக வார்த்து, தலையை மட்டும் தனியாகக் கழற்றும்படி செய்தது அன்றைக்குப் பெரிய காரியம். வால்வில் கரி படிந்தால் சொந்தக்காரரே தலையைத் திறந்து சுரண்டிவிட்டு மூடலாம்.

குளிர்விக்கும் தண்ணீருக்கு, முதலில் வந்த சுமார் 2,500 கார்கள் நீங்கலாக, பம்ப் கிடையாது. சுடுநீர் மேலே ஏறும், ஆறிய நீர் கீழே இறங்கும், அவ்வளவுதான். பெட்ரோலுக்கும் பம்ப் கிடையாது. முன் இருக்கைக்கு அடியில் இருந்த தொட்டியிலிருந்து அது தானாக வழிந்து எஞ்சினுக்குப் போகும். தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான ஏற்றம் வந்தால் எஞ்சின் மேலே, தொட்டி கீழே என்றாகி வண்டி நின்றுவிடும். அதற்கு ஓட்டுநர்கள் கண்ட வழி எளிது: காரைத் திருப்பி, ரிவர்ஸில் மலை ஏறினார்கள். ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் கூடுதல் என்பதால் அதுவே நல்ல வழியாகவும் அமைந்தது.

மூன்று மிதி, இரண்டு நெம்பு

இன்று கார் ஓட்டத் தெரிந்த ஒருவரை மாடல் டி-யில் உட்கார வைத்தால் முதலில் ஏமாற்றுவது கால்தான். தரையில் மூன்று மிதிகள். பழகிய கால் நடு மிதியை பிரேக் என்று நினைத்து அழுத்தினால் வண்டி பின்னோக்கிப் போகப் பார்க்கும். நடுவில் இருப்பது ரிவர்ஸ். வலது ஓரம்தான் பிரேக், அதுவும் சக்கரத்தைப் பிடிக்காமல் கியர்பாக்ஸைப் பிடிக்கும் பிரேக். இடது மிதியை முழுக்க அழுத்தினால் முதல் கியர், முழுக்க விட்டால் இரண்டாவது கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல். மொத்தமே இரண்டு கியர். ஆக்ஸிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது பக்கம் ஒரு சின்ன நெம்பு. அதற்கு நேர் எதிரே இடது பக்க நெம்பு, தீப்பொறி விழும் நேரத்தை முன்னே பின்னே தள்ளுவதற்கு.

அந்த இடது நெம்பை மறந்தவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். காரின் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளாமல் சுழற்றினால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் ஏராளம். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கும் வழக்கம் அந்த உதையிலிருந்து வந்தது. மின்சார ஸ்டார்ட்டர் 1919-இல்தான் வந்து சேர்ந்தது.

இத்தனையும் கேட்டால் கஷ்டமான வண்டி என்று தோன்றும். அன்றைய ஆளுக்கு அப்படி இல்லை. அந்தக் காலத்து மற்ற கார்களில் பல்லும் பல்லும் கரகரக்கக் கியரைத் தள்ள வேண்டியிருந்தது. டி-யின் கியர்கள் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கும், பட்டையை இறுக்கினால் போதும். குதிரை மட்டுமே ஓட்டிப் பழகிய விவசாயி ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். சேற்றில் மாட்டினால் இடது மிதியையும் நடு மிதியையும் மாறி மாறி அழுத்தி, காரை முன்னும் பின்னும் ஊஞ்சல் போல ஆட்டியே வெளியே எடுத்துவிடலாம். எனக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் பிடித்தே இருக்கிறது. ஓட்டுபவரைப் பற்றி யோசித்துச் செய்தது. அந்த ஓட்டுநர்தான் இன்று இல்லை.

மாட்டைப் பிரித்த வரிசை

டி-யின் உண்மையான அதிசயம் காருக்குள் இல்லை, அதைச் செய்த கட்டடத்துக்குள் இருந்தது. டெட்ராய்ட்டில் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலை 1910-இல் திறந்தது. 1913-இல் அங்கே, ஆள் நின்ற இடத்துக்கே நகரும் வரிசையில் வேலை தேடி வர ஆரம்பித்தது. அதற்கு முன்னுதாரணமாகச் சொல்லப்படும் இடங்களில் ஒன்று சிகாகோவின் இறைச்சிக்கூடம். அங்கே கொக்கியில் தொங்கும் மாடு ஒவ்வொரு ஆளாகத் தாண்டிப் போகும், ஒவ்வொருவரும் ஒரே வெட்டு, கடைசியில் மாடு துண்டு துண்டாக இருக்கும். ஃபோர்டின் ஆட்கள் அந்தப் படத்தைத் தலைகீழாக ஓட்டினார்கள். துண்டுகள் உள்ளே போகும், முழு கார் வெளியே வரும். பிரிக்கும் வரிசை கோக்கும் வரிசை ஆனது.

ஒரு சேஸியை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, கோக்கச் சுமார் பன்னிரண்டரை மணி நேரம் ஆன இடத்தில், சில மாத ஒழுங்குபடுத்தலுக்குப் பிறகு ஒரு மணி 33 நிமிடம் போதும் என்றாயிற்று. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வரிசை ஓடுவதற்கு எந்தப் பாகத்தை எடுத்தாலும் எந்தக் காரிலும் அப்படியே உட்கார வேண்டும். அரம் வைத்துத் தேய்த்துப் பொருத்தும் கைவேலைக்கு அங்கே இடமில்லை. வரிசைக்கு முன்பே அளவு பிசகாத பாகங்கள் வந்துவிட்டன, அதனால்தான் வரிசை சாத்தியமாயிற்று.

வேலை சலித்தது. 1913-இல் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு வேகமாக ஆட்கள் விட்டுப் போனார்கள். 1914 ஜனவரியில் நாள் கூலி 5 டாலர் என்று அறிவிப்பு வந்தது, வேலை நேரமும் ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைந்தது. தாராளம் என்று இதைப் பாராட்டுபவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த 5 டாலரில் ஒரு பகுதி லாபப் பங்கு. அதை வாங்க, தொழிலாளி வீட்டில் எப்படி வாழ்கிறான், குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஐந்து பேர் அமரும் டூரிங் வகை டி 1908-இல் 850 டாலர். 1913-இல் சாதாரணக் கூலி நாளைக்கு 2 டாலர் 34 சென்ட். அந்தக் கூலியை வைத்துக்கொண்டு அந்த விலையைக் கட்ட 363 நாள் உழைக்க வேண்டும். 1916-இல் அதே கார் 360 டாலர். 5 டாலர் வாங்குபவருக்கு 72 நாள். போர்க்காலத்தில் விலை ஏறி, மறுபடி இறங்கி, 1925-இல் 290 டாலரைத் தொட்டது. காரைச் செய்த ஆள் காரை வாங்கும் ஆளாக மாறிய இடம் அந்த 363-க்கும் 72-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

மூன்று மீட்டருக்குள் நான்கு பேர்

மினிக்கு வருவோம். 1956 ஜூலையில் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியது. அதைத் தொடர்ந்த சண்டையில் கால்வாய் அடைபட்டு, அந்த டிசம்பரில் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. மூன்று சக்கரக் குமிழ் கார்கள், முன்பக்கமே கதவாகத் திறக்கும் ஜெர்மானியக் குஞ்சுகள், திடீரென்று நன்றாக விற்றன. பி.எம்.சி.யின் தலைவர் லியோனார்ட் லார்டுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. ஒழுங்கான ஒரு சின்னக் கார் செய்து இவற்றைத் தெருவிலிருந்து துரத்த வேண்டும் என்று வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸைக் கூப்பிட்டுச் சொன்னார். இசிகோனிஸ் துருக்கியின் ஸ்மிர்னாவில் பிறந்தவர், ஏற்கெனவே மோரிஸ் மைனர் காரை வடிவமைத்துப் பெயர் வாங்கியவர். லார்டு போட்ட முக்கியமான நிபந்தனை ஒன்று: எஞ்சின் புதிதாகச் செய்யக் கூடாது, கையில் இருப்பதைப் பயன்படுத்து.

இசிகோனிஸ் எடுத்துக்கொண்ட அளவு பத்து அடி. அதில் நான்கு பேரும் அவர்கள் பெட்டிகளும் போக வேண்டும். நீளவாக்கில் எஞ்சின், அதன் பின்னால் கியர்பாக்ஸ், அதிலிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு நீளத் தண்டு என்ற வழக்கமான அடுக்கில் பாதி நீளம் இயந்திரத்துக்கே போய்விடும். அவர் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார். கியர்பாக்ஸுக்குப் பக்கவாட்டில் இடமில்லை, அதனால் அதை எஞ்சினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே தள்ளினார். ரேடியேட்டரைப் பக்கத்தில் நிறுத்தினார். முன் சக்கரங்களே இழுக்கும் என்பதால் பின்னால் போகும் தண்டே தேவையில்லை. விளைவு, தரைப் பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் ஆட்களுக்கும் சாமானுக்கும். காரின் நீளம் 3.05 மீட்டர்.

முன் சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். சாதாரண இணைப்பு வைத்தால் சக்கரத்தைத் திருப்பும்போது ஸ்டீயரிங் வெட்டி வெட்டி இழுக்கும். எந்தக் கோணத்திலும் சீராகச் சுழலும் பந்து இணைப்பு ஒன்றைக் கொண்டுவந்து அதைத் தீர்த்தார்கள். பத்து அங்குலச் சக்கரத்துக்கு டன்லப் தனியாக டயர் செய்து கொடுத்தது. சுருள் ஸ்பிரிங்குக்கு இடம் பிடிக்கும் என்பதால் பொறியாளர் அலெக்ஸ் மௌல்டன் ரப்பர் கூம்புகளைக் கொடுத்தார். சின்னக் காருக்கு ரப்பர் இன்னொரு வகையிலும் பொருத்தம். ஒருவர் மட்டும் போகும்போதும் நான்கு பேர் ஏறும்போதும் எடை வித்தியாசம் பெரிது. அமுக்க அமுக்க ரப்பர் தானே இறுகிக்கொள்ளும்.

கதவுக் கண்ணாடியை மேலும் கீழும் ஏற்றும் கருவியை வைத்தால் கதவு தடிக்கும். வேண்டாம், கண்ணாடி பக்கவாட்டில் நகரட்டும் என்று விட்டார். கதவின் உள்புறம் ஒற்றைத் தகடு, அந்தக் குழியில் பெரிய பை. உள்ளிருந்து கதவைத் திறக்க ஒரு கயிறு. சொகுசு என்று இவற்றில் ஒன்றும் இல்லை, ஆனால் முழங்கைக்கு இடம் கிடைத்தது.

இரண்டு காரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு குறும்பு தோன்றும். டி-யின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலான தூரமே 56 அங்குலம் என்று சொன்னேன். மினியின் மொத்த அகலம் 55½ அங்குலம். குதிரை வண்டித் தடத்துக்குள் மினி முழுசாக அடங்கிவிடும்.

அப்புறம் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயில் குளிப்பது மினியின் புதுமை என்று பேசுவார்கள். டி-யிலும் அப்படித்தான் இருந்தது. அங்கே கியர்களை இறுக்கும் பட்டைகளின் பஞ்சு நூல் தேய்ந்து எண்ணெயில் மிதந்து குழாயை அடைக்கும். குளிர் நாளில் எண்ணெய் கெட்டியாகிக் கியர்பாக்ஸைக் கவ்விக்கொள்ளும். கைப்பிடியைச் சுழற்றி எஞ்சின் பிடித்ததும், நியூட்ரலில் இருந்தாலும் கார் மெல்ல நகர்ந்து, சுழற்றிய ஆளையே முட்டப் பார்க்கும். மினியில் கியர்ப் பல்லின் தேய்மானம் எஞ்சின் எண்ணெயில் கலந்தது. எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போட்டவர் இரண்டு பெட்டிக்கும் சேர்த்துச் செலவு செய்தார்.

எண்களையும் பார்த்துவிடலாம். டி-யின் 2.9 லிட்டரிலிருந்து 20 குதிரைத்திறன், மினியின் 848 சி.சி.யிலிருந்து 34. லிட்டர் கணக்கில் 7-க்கு 40. டி மணிக்கு 65 முதல் 70 கிலோமீட்டர், மினி 116. நடுவில் போன 50 ஆண்டில் பெட்ரோலும் உலோகமும் எவ்வளவு மாறின என்பதைத்தான் இது காட்டுகிறது, ஃபோர்டின் ஆட்களைவிட இசிகோனிஸ் கெட்டிக்காரர் என்பதை அல்ல. எடை கிட்டத்தட்ட ஒன்று, மினி ஏறக்குறைய 600 கிலோ.

மழையில் நின்ற கார்

மினியின் முதல் மாதிரி வண்டிகள் 1957-லேயே ஓடின. 1958 ஜூலையில் லார்டு ஒன்றை எடுத்துச் சில நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வருஷத்துக்குள் தொழிற்சாலையிலிருந்து வெளியே வர வேண்டும் என்றார். 1959 ஆகஸ்ட் 26 அன்று ஆஸ்டின், மோரிஸ் என்று இரண்டு பெயர்களில் வந்தது. அந்த அவசரத்துக்கான தண்டம் மழையில் தெரிந்தது.

முதல் மாதிரிகளில் இருந்த 948 சி.சி. எஞ்சின் மணிக்கு 145 கிலோமீட்டருக்கு மேல் போனது. இவ்வளவு சின்னக் காருக்கு இது வேண்டாம் என்று 848-ஆகக் குறைத்தார்கள். கூடவே எஞ்சினை முன்பின்னாகத் திருப்பியும் வைத்தார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் குளிரில் உறைந்தது ஒரு காரணம், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சின்க்ரோமெஷ் சீக்கிரம் தேய்ந்தது இன்னொன்று என்பார்கள். திருப்பியதில் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் நேராக முன் கிரில்லுக்குப் பின்னால் வந்து நின்றது. மழையில் ஓட்டினால் கிரில் வழியாகத் தண்ணீர் அதன் முகத்திலேயே அடிக்கும், எஞ்சின் இருமி நிற்கும். ரப்பர் கையுறையை அதன் மேல் மாட்டி, விரல் வழியாக வயர்களை வெளியே எடுத்துச் சமாளித்தவர்கள் உண்டு.

தரைத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் மடிப்பும் தப்பான பக்கம் பார்த்திருந்தது. முன் சக்கரம் வாரியடித்த தண்ணீர் அந்த மடிப்பில் புகுந்து கம்பளத்தை நனைத்தது. பிறகு சரிசெய்தார்கள். ஆனால் முதலில் வாங்கியவர்கள்தான் சோதனை ஓட்டக்காரர்கள் ஆனார்கள்.

இங்கேதான் இரண்டு காரும் பிரிகின்றன என்று நினைக்கிறேன். டி-யில் எது கெட்டாலும் ஒரு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும் வைத்துத் தெருவோரத்தில் பார்த்துக்கொள்ளலாம். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் பட்டை மாட்டி மரம் அறுக்கவும், தானியம் அரைக்கவும், தண்ணீர் இறைக்கவும் விவசாயிகள் அதைப் பயன்படுத்தினார்கள். மினியின் கியர்பாக்ஸைத் தொட வேண்டுமானால் எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்தவருக்குக் கிடைத்த ஒவ்வொரு அங்குலமும் மெக்கானிக்கின் விரலிடுக்கிலிருந்து பிடுங்கியது.

செய்யும் இடத்திலும் அதே கதை. எத்தனை குறைவான அசைவில் பொருத்தலாம் என்று டி-யைத் திருத்திக்கொண்டே போனார்கள், விலை இறங்கியது. மினி அதற்கு எதிர்த்திசை. இணைப்புகள், ரப்பர் கூம்புகள், தனித்தனி துணைச் சட்டங்கள், சிக்கலான வார்ப்பு, எல்லாம் புதிது, எல்லாம் செலவு. தகடுகளின் விளிம்பை வெளிப்பக்கம் மடித்து வெல்டிங் செய்தது போன்ற சிக்கனங்கள் இருந்தும் கூட்டல் பெரிதாகவே வந்தது. விலையோ போட்டிக் கார்களைப் பார்த்து வைக்கப்பட்டது: வரிக்கு முன் 350 பவுண்டு, வரி சேர்த்து 496 பவுண்டு 19 ஷில்லிங் 2 பென்ஸ். ஃபோர்டு சொன்ன 30 பவுண்டு உண்மையென்றால், வரியில்லா விலையில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. பி.எம்.சி.யின் மறுப்பை முழுப் பொய் என்று தள்ள நான் தயாரில்லை. ஒரே எஞ்சின் பல கார்களுக்குப் போகும்போது அதன் செலவை எந்தக் கார் தலையில் எழுதுவது என்பதில் கணக்கர்களுக்குள்ளேயே ஒற்றுமை வராது. ஆனால் தன் காரின் செலவு என்ன என்பதை அடுத்தவன் கழற்றிச் சொல்லும் நிலைமை நல்ல நிலைமை இல்லை.

பிடிவாதம்

1912-இல் ஹென்றி ஃபோர்டு ஐரோப்பா போயிருந்த சமயம், அவருடைய ஆட்கள் டி-யைக் கொஞ்சம் தாழ்த்தி, அழகுபடுத்தி ஒரு மாதிரி செய்து வைத்தார்களாம். திரும்பி வந்தவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வாய் பேசாமல் கதவைப் பிய்த்து எறிந்து, மற்றதையும் கையாலேயே உடைத்துப் போட்டார் என்று உடன் இருந்தவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. அந்த வீட்டில் எத்தனை முறைதான் காரைப் பிரிப்பார்கள்!

1914 முதல் 1925 வரை கறுப்பு நிறம் மட்டுமே. (ஆரம்ப ஆண்டுகளில் சிவப்பு, பச்சை, சாம்பல் நிற டி-க்கள் ஓடின என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.) அதற்குள் ஜெனரல் மோட்டார்ஸ் பல வண்ணம், பல விலை, தவணைக் கடன் என்று வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டது. 1926-இல் ஃபோர்டு நிறங்களைத் திரும்பக் கொடுத்தது தாமதமாகிவிட்டது. 1927 மே 26 அன்று ஒன்றரைக் கோடியாவது டி வெளியே வந்தது. பிறகு அடுத்த காருக்காகத் தொழிற்சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. டி-யின் எண்ணிக்கையை 1972-இல்தான் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் தாண்டியது.

மினியின் பிடிவாதம் வேறு மாதிரி. பந்தயக் கார் செய்பவரான ஜான் கூப்பர் கைபட்டு 1961-இல் வந்த வேக வகை, 1964, 65, 67-இல் மான்டி கார்லோ பந்தயத்தை வென்றது. 66-இலும் முதலில் வந்தது, முகப்பு விளக்கு விதிமீறல் என்று தள்ளிவிட்டார்கள். ஏழைக்குச் செய்த கார் பணக்காரருக்கும் பாட்டுக்காரருக்கும் பிடித்த காரானது. 1965-லேயே பத்து லட்சம் தாண்டியது. ஆனால் அந்த விற்பனைக்கு ஈடான பணம் கையில் தங்காததால் அதன் இடத்தில் நிற்கும் அடுத்த காரைச் செய்ய வெகுகாலம் வழியில்லாமல் போனது. 1980-இல் மெட்ரோ என்ற புதிய சின்னக் கார் வந்தபோதும் மினியை நிறுத்தவில்லை. 2000 அக்டோபர் வரை, 41 ஆண்டுகளில் சுமார் 53 லட்சம் கார்கள்.

வைத்திருந்து ஓட்ட ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் மினியைத்தான் எடுப்பேன். ஸ்டீயரிங்கைத் தொட்டதும் திரும்பும் அந்தச் சுறுசுறுப்புக்காக. ஒரு தொழிலை நடத்த ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு டி. 1999-இல் வாக்களித்தவர்கள் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஃபோர்டு விஷயம் பாக்கி இருக்கிறது. மினியைக் கழற்றிப் பார்த்த கையோடு அவர்கள் அதைப் போல ஒன்று செய்யவில்லை. 1962-இல் பிரிட்டனில் விட்ட கார்ட்டினா, நீளவாக்கு எஞ்சினும் பின் சக்கர இழுவையும் கொண்ட பழைய அடுக்குதான். ஒவ்வொரு பாகத்தின் செலவையும் முன்கூட்டியே கட்டி வைத்துச் செய்த கார் அது, நன்றாகவும் விற்றது. 1976-இல் ஃபியஸ்டா வந்தது. முன் சக்கர இழுவை, குறுக்கே வைத்த எஞ்சின். கியர்பாக்ஸ் மட்டும் எண்ணெய்த் தொட்டிக்குள் இல்லை. எஞ்சினின் பக்கவாட்டில், தனிப் பெட்டியில், தனி எண்ணெயில், எளிதாகக் கழற்றும்படி இருந்தது.